கேர் பட்டியல் இல்லாத காலத்தில் ஓர் ஆய்விதழை எப்படி எடைபோடுவது?

"சார், இந்த ஜர்னல் கேர்ல இருக்குதுங்களா?" கோவை, ஈரோடு, நாமக்கல், சேலம் வட்டாரக் கல்லூரிகளில் பிஎச்.டி. செய்பவர்கள் கைடிடம் அடிக்கடி கேட்டுவந்த கேள்வி இது. கேர் என்பது பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியல். 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி. அந்தப் பட்டியலையே கைவிட்டது. இதழ்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடம் வந்துவிட்டது. இப்போது 'ஸ்கோபஸில் இருக்கா' என்று, ஆய்விதழ்களைத் தொகுக்கும் ஒரு சர்வதேசத் தரவுத்தளத்தின் பெயரைச் சொல்லிக் கேள்வி மாறியிருக்கிறது. பெயர்தான் மாறியது, பழக்கம் மாறவில்லை.

ஒரு பட்டியலில் பெயர் இருப்பதும் அந்த இதழில் ஒழுங்கான மதிப்பாய்வு நடப்பதும் ஒன்றல்ல. கட்டுரை உள்ளே போனபின் என்ன நடக்கிறது, எந்த இடத்தில் அது கெடுகிறது என்று தெரிந்தவருக்குப் பட்டியல் இல்லாமலே இதழை அடையாளம் காண முடியும்.

பட்டியல் வந்ததும் போனதும்

யு.ஜி.சி. 2017இல் அங்கீகரிக்கப்பட்ட இதழ்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களும் அதற்குள் நுழைந்தன. 2018 மே மாதம் 4,305 இதழ்கள் ஒரே அறிவிப்பில் நீக்கப்பட்டன. 2019இல் அதற்கு மாற்றாகக் கேர் பட்டியல் வந்தது. அதற்கும் வேறொரு சிக்கல் முளைத்தது. பட்டியலில் உள்ள நல்ல இதழின் பெயரையும் அதன் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.ஐயும் அப்படியே வைத்துப் போலி இணையதளம் திறந்து, கட்டணம் வசூலிக்கும் கும்பல்கள் கிளம்பின. பட்டியலில் பெயரைச் சரிபார்த்துவிட்டுத்தான் பலர் அங்கே பணம் கட்டினார்கள்.

இதோடு சேர்ந்து வரும் குழப்பம் ஒன்று. 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி.யின் பிஎச்.டி. விதிமுறை, ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் இதழில் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனால் அது குறைந்தபட்ச விதிதான். உங்கள் பல்கலைக்கழகம் தன் சொந்த விதியில் கட்டுரை கேட்டால் அதுதான் உங்களைக் கட்டும். பதிவு செய்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பார்க்காமல் செவிவழிச் செய்தியை நம்பக் கூடாது.

ஒரு கட்டுரையின் பாதை

பியர் ரிவ்யூ, அதாவது மதிப்பாய்வு என்பது, ஓர் ஆய்வுக் கட்டுரையை அதே துறையில் வேலை செய்யும் வேறு ஆய்வாளர்கள் படித்துக் குறை நிறை சொல்வது. இன்று எல்லா இதழுக்கும் இது அடிப்படை என்று நினைக்கிறோம். நேச்சர் இதழே 1973இல்தான் இதை எல்லாக் கட்டுரைக்கும் கட்டாயமாக்கியது.

விளக்கத்துக்காக ஒரு கட்டுரையைக் கற்பனை செய்துகொள்வோம்: நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே 30 கிணறுகளின் நிலத்தடி நீரில் உப்பும் உலோகமும் எவ்வளவு இருக்கின்றன என்பது பற்றியது.

1. சமர்ப்பித்தல். கட்டுரையோடு சில உறுதிமொழிகளும் போக வேண்டும்: இது வேறு இதழில் பரிசீலனையில் இல்லை, நிதி தந்தது யார், இதில் யாருக்கு என்ன ஆதாயம், மூலத் தரவு எங்கே கிடைக்கும் ஆகியவை. மனிதர்களை வைத்து நடந்த ஆய்வென்றால் நெறிமுறைக் குழு அனுமதி எண் வேண்டும். கால்நடை ஆய்வுக்கும் அதற்குரிய குழுவின் அனுமதி வேண்டும். ஆய்வு முடிந்தபின் இந்த அனுமதியை வாங்க முடியாது. பலர் இடறும் இடம் இது.

2. அலுவலகச் சோதனை. இதழின் எல்லைக்குள் வருகிறதா, பிற நூல்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது, படங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். தேறாதவை மதிப்பாய்வுக்கே போகாமல் திரும்பும். நல்ல இதழ்களில் பெரும்பகுதி நிராகரிப்பு இந்தக் கட்டத்திலேயே நடக்கிறது. சில நாட்களில் வரும் நிராகரிப்பு வருத்தம் தரும்தான், ஆனால் ஆறு மாதம் காத்திருந்து வரும் நிராகரிப்பைவிட அது கட்டுரை ஆசிரியருக்கு நல்லது.

3. மதிப்பாய்வாளர்களைத் தேடுதல். எடிட்டருக்கு வேண்டியது பொதுவாக இரண்டு அல்லது மூன்று பேர். அவர்களைச் சம்மதிக்க வைக்கப் பல பேருக்கு எழுத வேண்டியிருக்கும். பெரும்பாலும் இதற்கு ஊதியம் கிடையாது, எனவே தாமதத்தின் முதல் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஒரே நிறுவனத்தவர், அண்மையில் சேர்ந்து எழுதியவர், கைடு, பழைய மாணவர் ஆகியோர் விலக வேண்டும்.

4. மதிப்பாய்வு. இதைப் பற்றிக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

5. முடிவு. ஏற்பு, சிறு திருத்தம், பெரும் திருத்தம், நிராகரிப்பு என்று நான்கு வகை. மதிப்பாய்வாளர்கள் சொல்வது கருத்து மட்டுமே, ஓட்டெடுப்பு நடப்பதில்லை. இரண்டு பேர் ஏற்கச் சொன்னாலும் மூன்றாமவர் அடிப்படைப் பிழையைக் காட்டினால் எடிட்டர் நிராகரிக்கலாம்.

6. பதிப்பு. மெய்ப்பு பார்த்து, கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளமான டி.ஓ.ஐ. எண் பதிவாகி, இறுதி வடிவம் வெளியாகும். பிறகு ஒரு சொல்லை மாற்றுவதானாலும் வெளிப்படையான அறிவிப்போடுதான் மாற்ற வேண்டும்.

நல்ல மதிப்பாய்வாளர் என்ன கேட்பார்?

நொய்யல் கட்டுரை நீர் வேதியியல் தெரிந்த ஒருவர் கையில் கிடைத்தால் கேள்விகள் இப்படி வரும்:

- 30 கிணறுகளை எந்த அடிப்படையில் எடுத்தீர்கள்? ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம், என்ன ஆழம்? திறந்த கிணறும் போர்வெல்லும் கலந்திருக்கின்றனவா?
- வடகிழக்குப் பருவமழைக்கு முன் எடுத்த நீரா, பின் எடுத்ததா? ஒரு பருவத்து நீரை வைத்து ஆண்டு முழுவதற்கும் எப்படி முடிவு சொல்கிறீர்கள்?
- உலோகம் அளக்க எடுத்த நீரில் நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். அளவை 2க்குக் கீழே கொண்டுவந்தீர்களா? சேர்க்காவிட்டால் உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைவாகக் காட்டும்.
- நேர்மின், எதிர்மின் அயனிகளின் கூட்டு ஒன்றையொன்று ஈடுசெய்கிறதா? வேறுபாடு 5 சதவீதத்துக்குள் இருப்பது வழக்கம். அதைத் தாண்டினால் அளவீட்டில் பிழை இருக்கும், இல்லையென்றால் ஏதோ ஓர் அயனி விடுபட்டிருக்கும்.
- 'குடிக்கத் தகுதியற்றது' என்பது எந்த வரம்பின்படி? இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500இன்படி, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு.
- அந்த உப்பு சாயப்பட்டறைக் கழிவிலிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன சான்று? பாறையிலிருந்தும் உரத்திலிருந்தும் உப்பு வரலாமே. பட்டறைகளுக்கு மேல்புறம் ஒப்பீட்டுக் கிணறுகள் உண்டா?

கடைசிக் கேள்விக்குத்தான் எடை அதிகம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. அதன் விளைவை விவசாயி, முதலாளி, தொழிலாளி எல்லோருமே பார்த்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை நாளைக்கு ஏதோ ஒரு வழக்கில் ஆவணமாக வைக்கப்படலாம். ஒப்பீட்டுக் கிணறு இல்லாத கட்டுரையை அடுத்த தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் தள்ளிவிடுவார். மதிப்பாய்வாளர் அந்தக் கேள்வியை முன்னாடியே கேட்டுவிட்டால் அது ஆசிரியருக்குச் செய்யும் உதவி.

பதில் எழுதும் முறை: ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே எடுத்துப் போட்டு, கீழே பதிலையும் கட்டுரையில் மாற்றிய பக்கம், வரி எண்ணையும் குறிப்பிட வேண்டும். ஏற்காத இடத்தில் காரணத்தோடு மறுக்கலாம். 'நன்றி, திருத்திவிட்டோம்' என்று மட்டும் எழுதி உள்ளே எதையும் மாற்றாமல் விடுவதுதான் இரண்டாம் சுற்றில் நிராகரிப்பை வாங்கித் தரும்.

பெயர் மறைப்பதில் மூன்று வகை உண்டு. மதிப்பாய்வாளர் பெயர் மட்டும் மறைவது, இரு பக்கப் பெயரும் மறைவது, இரண்டும் திறந்திருப்பது. இரு பக்கமும் மறைப்பது நியாயமானது. ஆனால் தென்னை வாடல் நோயிலோ மஞ்சள் கிழங்கழுகலிலோ வேலை செய்பவர்கள் எண்ணிக்கை சிறியது. ஆய்வுத் திடலின் ஊர்ப்பெயரைப் பார்த்தாலே யார் எழுதியது என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் எடிட்டரிடம் சொல்லி ஒதுங்குவதே முறை.

மதிப்பாய்வு எதைப் பிடிக்காது?

மதிப்பாய்வாளர் ஆய்வை மறுபடி செய்து பார்ப்பதில்லை. அவர் கையில் இருப்பது ஆசிரியர் எழுதிக் கொடுத்தது மட்டும். ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் வியாபாரி மாதிரியைப் பார்த்து விலை வைப்பது போல, காட்டியதை வைத்துத்தான் அவர் மதிப்பிட முடியும். போகாத கிணற்றுக்கு எண்களை எழுதிப் போட்டிருந்தால், அந்த எண்கள் இயல்பாக இருக்கும்வரை யாராலும் கண்டுபிடிக்க இயலாது. ஆகவேதான் மூலத் தரவைப் பொதுவில் வைக்கச் சொல்லும் இதழ்களுக்குக் கூடுதல் மதிப்புத் தர வேண்டும்.

படங்களில்கூட இந்தக் கதைதான். எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 20,621 உயிர்மருத்துவக் கட்டுரைகளைப் பார்த்து, 3.8 சதவீதத்தில் ஒரே படம் முறையற்று மீண்டும் வந்திருப்பதை 2016இல் வெளியிட்டார்கள். மதிப்பாய்வாளர் கண்ணைத் தாண்டி வந்த கட்டுரைகள் அவை.

எங்கே உடைகிறது?

முதல் ஓட்டை, ஆசிரியரே மதிப்பாய்வாளரைப் பரிந்துரைக்கும் வசதி. பெயர் உண்மையான பேராசிரியருடையதாக இருக்கும், மின்னஞ்சல் முகவரி ஆசிரியரே உருவாக்கியதாக இருக்கும். கட்டுரை அதை எழுதியவரிடமே வரும், அவரே பாராட்டி எழுதி அனுப்புவார். சேஜ் பதிப்பு நிறுவனம் 2014இல் அதிர்வியல் இதழ் ஒன்றிலிருந்து 60 கட்டுரைகளை இப்படிப்பட்ட வலைப்பின்னல் காரணமாகத் திரும்பப் பெற்றது. நிறுவன முகவரி இல்லாத மதிப்பாய்வாளரை எடிட்டர் தனியே சரிபார்க்காமல் ஏற்றால் இது நடக்கும்.

அடுத்தது சிறப்பிதழ்கள். இதழின் நிரந்தர எடிட்டருக்குப் பதிலாக அழைக்கப்பட்ட ஒருவர் முடிவெடுப்பார். அங்கே கட்டுரை ஆலைகள் புகுந்தன. இவை கட்டுரையைத் தயாரித்து, ஆசிரியர் வரிசையில் இடத்தை விலைக்கு விற்பவை. வைலி நிறுவனம் 2021இல் வாங்கிய ஹிந்தாவி பதிப்பகம் 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது, பெரும்பாலும் சிறப்பிதழ்களில் வந்தவை. இவை பட்டியல்களில் இருந்த இதழ்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 2023 மார்ச்சில் கிளாரிவேட் நிறுவனம் வெப் ஆஃப் சயின்ஸ் என்ற தன் ஆய்விதழ்த் தரவுத்தளத்திலிருந்து 50க்கும் மேற்பட்ட இதழ்களை ஒரேயடியாக நீக்கியது.

ஆலைக் கட்டுரைகள் விட்டுச்செல்லும் தடயங்களும் உண்டு. பிற கட்டுரைகளோடு உள்ள ஒப்புமையை மென்பொருள் பிடிக்காமலிருக்க, மாற்றுச் சொல் போடும் கருவியில் ஓட்டுவார்கள். அப்போது 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்ற நிலைத்த கலைச்சொல் 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' (போலி உணர்வு) ஆகிவிடும். துறை தெரிந்தவர் ஒருபோதும் எழுதாத இத்தகைய தொடர்களை கணினி அறிவியலாளர் கியோம் கபனாக்கும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் தொகுத்துக் காட்டினார்கள். "ஒப்புமையைக் குறைத்துத் தருகிறோம்" என்று விளம்பரம் செய்யும் கடைகள் பல செய்வது இதைத்தான். ஸ்காலர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மூன்றாவது, பணத்துக்காக மட்டும் நடக்கும் இதழ்கள். ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் நிறுவனம், மதிப்பாய்வு, கட்டணம் பற்றித் தவறான தகவல் தந்ததாக அமெரிக்க நீதிமன்றம் 2019இல் 5 கோடி டாலருக்கும் மேல் செலுத்த உத்தரவிட்டது. கட்டணம் வாங்குவதே குற்றம் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. வாசகருக்கு இலவசமாகத் தரும் தரமான இதழ்களும் ஆசிரியரிடம் கட்டணம் வாங்குகின்றன. கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே சொல்லப்பட்டதா, ஏற்பும் கட்டணமும் தனித்தனிக் கைகளில் இருக்கின்றனவா என்பவையே பார்க்க வேண்டியவை.

ஆசிரியர் வரிசை

வேலை செய்யாதவர் பெயரை ஆசிரியர் வரிசையில் சேர்ப்பதும் செய்தவர் பெயரை விடுவதும் நம் கல்லூரிகளில் அதிகம் நடக்கும், குறைவாகப் பேசப்படும் மீறல். மருத்துவ இதழ் எடிட்டர்களின் சர்வதேசக் குழு, ஒருவர் கட்டுரை ஆசிரியர் ஆவதற்கு நான்கு நிபந்தனைகளை வைக்கிறது. நான்கும் சேர்ந்து நிறைவேற வேண்டும்.

1. ஆய்வின் கருத்து, வடிவம், தரவு சேகரிப்பு, பகுப்பாய்வு இவற்றில் ஏதாவது ஒன்றில் கணிசமான பங்கு.
2. கட்டுரையை எழுதியது அல்லது உள்ளடக்கத்தை ஆழமாகத் திருத்தியது.
3. இறுதி வடிவத்துக்கு ஒப்புதல்.
4. முழுக் கட்டுரைக்கும் பதில் சொல்லும் பொறுப்பு.

துறைத்தலைவர் என்பதும், ஆய்வகத்தைத் திறந்துவிட்டதும், நிதி வாங்கித் தந்ததும் மட்டும் போதாது. அவர்கள் பெயர் நன்றியுரையில் வர வேண்டும். வேலை செய்த ஸ்காலரின் பெயரை விடுவது இதைவிட மோசமான மீறல். வேலை தொடங்கும்போதே யார் பெயர் எந்த இடத்தில் என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கட்டுரை திரும்பப் பெறப்படும் நாளில், வேலை செய்யாமல் பெயர் போட்டுக்கொண்டவருக்கும் அதே களங்கம் வரும்.

10 சதவீதம் என்ற மயக்கம்

ஒப்புமை 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கட்டுரை சுத்தம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அந்த எண் 2018ஆம் ஆண்டு யு.ஜி.சி. ஒழுங்குமுறையிலிருந்து வந்தது. அது தண்டனைக்கான படிநிலை. ஆய்வேட்டில் 10 வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத காலத்தில் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது. 60க்கு மேல் பதிவே ரத்தாகும். கல்லூரி ஆசிரியர்களின் வெளியீடுகளில் 40ஐத் தாண்டினால் கட்டுரையைத் திரும்பப் பெறுவதோடு ஓர் ஆண்டு ஊதிய உயர்வு போகும், இரண்டு ஆண்டு புதிய மாணவர்களை எடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் இரண்டு ஊதிய உயர்வு, மூன்று ஆண்டு.

இதழ்கள் இந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. முடிவுரையில் இன்னொருவரின் வாதத்தை அப்படியே எடுத்தால் 4 சதவீதமும் திருட்டுதான். செய்முறைப் பகுதியில் எல்லோரும் எழுதும் வாசகம் ஒத்துப்போய் 18 வந்தாலும் எடிட்டர் விட்டுவிடலாம். அறிக்கையின் எண்ணைவிட, எந்தப் பகுதி எந்த மூலத்தோடு ஒத்துப்போகிறது என்பதைப் படிக்க வேண்டும். சொந்தப் பழைய கட்டுரையையே மேற்கோளின்றி மறுபடி போடுவதும் மீறல்தான். ஒரே ஆய்வைத் துண்டு துண்டாக அறுத்து நான்கு கட்டுரை ஆக்குவதும் அப்படியே.

ஏ.ஐ. பற்றிச் சுருக்கமாக: பதிப்பு நெறிமுறைக் குழுவான கோப் 2023இல் சொன்ன நிலைப்பாட்டின்படி, சாட்ஜிபிடி போன்ற கருவியை ஆசிரியராகப் போட முடியாது, ஏனென்றால் அதனால் பொறுப்பேற்க இயலாது. பயன்படுத்தினால் எங்கே, எப்படி என்று கட்டுரையில் சொல்ல வேண்டும். மதிப்பாய்வுக்கு வந்த பிறர் கட்டுரையை அத்தகைய கருவியில் ஏற்றுவது ரகசியத்தை மீறுவது.

வெளியான பிறகு பிழை தெரிந்தால்

மூன்று கருவிகள் உண்டு. சிறு பிழைக்குத் திருத்தக் குறிப்பு. விசாரணை நடக்கும்போது வாசகரை எச்சரிக்கக் கவலைக் குறிப்பு. முடிவுகளையே நம்ப முடியாதபோது ரிட்ராக்‌ஷன், அதாவது கட்டுரையைத் திரும்பப் பெறுவது. திரும்பப் பெற்ற கட்டுரையை அழித்துவிட மாட்டார்கள். முத்திரை போட்டு, காரணத்தோடு அதே இடத்தில் வைத்திருப்பார்கள்.

இதில் இதழ்கள் மிக மெதுவாக நடக்கின்றன. தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய வேக்ஃபீல்டின் கட்டுரை லான்செட் மருத்துவ இதழில் 1998இல் வந்தது, 2010இல்தான் திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனையோ பெற்றோர் குழந்தைகளுக்கு ஊசி போடத் தயங்கினார்கள். நாமக்கல் கோழித் தீவனம் பற்றியோ பொள்ளாச்சித் தென்னையின் வெள்ளை ஈ பற்றியோ தவறான கட்டுரை வந்தால், அதை நம்பி மருந்தடிப்பவர் விவசாயி. அவருக்கு ரிட்ராக்‌ஷன் அறிவிப்பு போய்ச் சேராது.

ரிட்ராக்‌ஷன் எல்லாமே மோசடி அல்ல. தன் கணக்கில் பிழை கண்டு தானே திரும்பப் பெறும் ஆய்வாளர் மதிக்கத்தக்கவர். திரும்பப் பெற்ற கட்டுரைகளுக்கு, கல்வி நிறுவனங்களுக்கான தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். 2025 முதல் மதிப்பெண் குறைக்கிறது. ஆலைக் கட்டுரைகளைக் கட்டுப்படுத்த இது தேவைதான். ஆனால் நேர்மையான பிழைக்கும் மோசடிக்கும் வேறுபாடு காட்டாவிட்டால், கல்லூரிகள் பிழையை மறைக்கச் சொல்லும் அபாயம் இருக்கிறது.

அனுப்பும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை

1. ஐ.எஸ்.எஸ்.என். வெறும் அடையாள எண்தான், தரச் சான்று அல்ல. அதை ஐ.எஸ்.எஸ்.என். தளத்தில் தேடி, அங்குள்ள பதிப்பாளர் பெயரும் இணைய முகவரியும் உங்கள் முன் இருக்கும் தளத்தோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். போலிகள் பல இங்கேயே சிக்கும்.
2. ஸ்கோபஸில் இருப்பதாகச் சொன்னால் இதழின் தளத்தில் உள்ள முத்திரையை நம்பாமல் ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலில் தேடுங்கள். சேர்ப்பது நிறுத்தப்பட்டிருந்தால் அங்கேயே குறிப்பு இருக்கும்.
3. இதழின் கட்டுரைகள் சராசரியாக எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் இம்பேக்ட் ஃபேக்டர் எண்ணைத் தருவது கிளாரிவேட் மட்டும். வேறு அமைப்பின் பெயரில் அப்படி ஓர் எண் இருந்தால் ஒதுக்கிவிடலாம்.
4. எடிட்டர் குழுவில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஐயம் இருந்தால் அவர்களுக்கே எழுதிக் கேட்கலாம்.
5. வந்த கட்டுரைகளில் பெறப்பட்ட நாள், திருத்திய நாள், ஏற்ற நாள் மூன்றையும் ஒப்பிடுங்கள். எல்லாமே ஒரு வாரத்துக்குள் முடிந்திருந்தால் மதிப்பாய்வு நடக்கவில்லை.
6. நான்கைந்து கட்டுரைகளின் டி.ஓ.ஐ. எண்ணைச் சொடுக்குங்கள். திறக்காவிட்டால் அந்த எண் பதிவாகாமலே இருக்கலாம்.
7. இரண்டு கட்டுரைகளை முழுதாகப் படியுங்கள். உங்கள் துறையில் நீங்களே பிழை கண்டுபிடிக்கும் அளவுக்கு இருந்தால் அதற்குமேல் வேறு சான்று வேண்டாம்.

வெளிநாட்டுப் பெயர் இருந்தால்தான் தரம் என்று நினைக்க வேண்டியதில்லை. கோவையிலிருந்தே நூறாண்டு கடந்த மெட்ராஸ் அக்ரிகல்ச்சுரல் ஜர்னல், எலக்ட்ரானிக் ஜர்னல் ஆஃப் பிளான்ட் பிரீடிங் போன்ற சங்க இதழ்கள் வருகின்றன. அவற்றையும் மேலே சொன்ன அதே கேள்விகளால் அளக்கலாம். உள்ளூர் மண்ணையும் பயிரையும் அறிந்த மதிப்பாய்வாளர் கிடைக்கும் வாய்ப்பு அங்கே அதிகம்.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்களுக்கு

சந்தேகமான இதழுக்கு அனுப்பிவிட்டால், பணம் கட்டாமல், காப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடாமல், உடனே திரும்பப் பெறுவதாக மின்னஞ்சல் அனுப்பி அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். 'திரும்பப் பெறக் கட்டணம்' கேட்டு மிரட்டுவது இத்தகைய இதழ்களின் வழக்கம். கட்டுவதற்கு முன் கைடிடமும் பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவிடமும் எழுத்தில் தெரிவியுங்கள். திரும்பப் பெற்றதற்கான பதில் வரும் முன் வேறு இதழுக்கு அனுப்பினால் இரட்டைச் சமர்ப்பிப்பு என்ற பழி உங்கள் மேல் விழும். பதிலே வராவிட்டால், நடந்ததை விளக்கி, அனுப்பிய கடிதங்களை இணைத்து, புதிய இதழின் எடிட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெளியானபின் இதழ் ஸ்கோபஸிலிருந்து நிறுத்தப்பட்டால், அதற்கு முன் சேர்க்கப்பட்ட கட்டுரைகள் பொதுவாக அங்கேயே இருக்கும். வெளியான நாளில் இதழின் நிலை என்னவென்று காட்டும் பக்கத்தைத் தேதியோடு சேமித்து வைத்திருந்தால் வைவா நேரத்திலும் பதவி உயர்வுக் குழுவிலும் அது கைகொடுக்கும்.

நல்ல இதழே உங்கள் கட்டுரையை முறையற்று நடத்தினால் முதலில் எடிட்டருக்கு எழுத வேண்டும், பிறகு பதிப்பகத்துக்கு. அதன்பின்னும் தீராவிட்டால், அந்த இதழ் கோப் உறுப்பினராக இருந்தால் கோப் அமைப்பிடம் போகலாம். இதழ் தன் நடைமுறையைப் பின்பற்றியதா என்பதை மட்டும்தான் கோப் பார்க்கும். கட்டுரையை ஏற்றது சரியா, நிராகரித்தது சரியா என்பதற்குள் அது நுழையாது.